கன்ட்ரோல் இசட்டும் என் வலது காலும்

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். சரியாகச் சொன்னால், மற்றவர்கள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து சாகாமல் இருப்பவன். டிரைவிங் ஸ்கூல் என் மச்சினனுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்குச் சொந்தம். அவன் ஏ.சி. அறையில் உட்கார்ந்து போனில் பேசுவான்; நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகத் திரிவேன். பயிற்சி வண்டி என்பதால் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து, வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

“சாப்பாட்டு மேசைக்கு எதுக்குங்க பிரேக்கு? அது எங்கயும் போகாது” என்பாள் மனைவி.

இப்படி ஒழுங்காக இருந்த என் மனதைக் கெடுத்தது ஒரு மாணவி. வெப்சைட் செய்கிற வேலையில் இருப்பவள். முதல் நாளே ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று யார் வீட்டுப் பூந்தொட்டி மேலோ வண்டியை ஏற்றிவிட்டாள். ஏற்றியதும் இடது கையை அந்தரத்தில் தூக்கி, இரண்டு விரலால் எதையோ அழுத்தினாள்.

“என்னம்மா பண்றீங்க?”

“சாரி சார், பழக்கதோஷம். கன்ட்ரோல் இசட். எங்க வேலைல தப்புப் பண்ணினா அதை அழுத்துவோம். பண்ணினது பண்ணாத மாதிரி ஆயிடும்.”

“எல்லாத் தப்புமா?”

“அனேகமா எல்லாம்தான் சார். உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்தே பண்ணலாம். வீட்டுல இருந்தே பண்ணலாம். சம்பளமும்...”

“சம்பளத்தை விடுங்க. உட்கார்ந்த இடம் நகராதுல்ல?”

“நாற்காலி எப்படி சார் நகரும்?”

நான் பூந்தொட்டியைப் பார்த்தேன். உடைந்தது உடைந்ததுதான். இத்தனை வருஷமாகத் தப்பான தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எதிரே லாரி வராத வேலை! ஆரன் சத்தம் இல்லாத வேலை! இப்படியும் உலகத்தில் ஆட்கள் பிழைக்கிறார்கள், ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

ஆன்லைனில் வெப் டெவலப்மென்ட் வகுப்பில் சேர்ந்தேன். திரையில் சொல்லிக்கொடுத்தவன் மூச்சு விடாமல் பேசுவான். ஆனால் அவனை நிறுத்திவைத்து மறுபடி கேட்கலாம். என் மாணவர்களுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு பெட்டியை நீலமாக்கினேன். பிடிக்கவில்லை. கன்ட்ரோல் இசட். பழைய வெள்ளைப் பெட்டி ஒரு கீறல் இல்லாமல் வந்து நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விஷயம் மச்சினன் காதுக்குப் போனது. மனைவி வேறு எதற்கு இருக்கிறாள்?

“நம்ம ஸ்கூலுக்கு ஒரு வெப்சைட் பண்ணுங்க மாமா” என்றான். “அதைப் பார்த்து ஆள் வந்தா, உங்களை ஆபீஸ்லயே உட்கார வைக்கிறேன். வண்டிக்கு வேற ஆளைப் போட்டுக்கலாம்.”

“சத்தியமா?”

“அக்கா மேல சத்தியம்.”

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து முறைத்தாள். எனக்கு அது போதும். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

வேலையில் இறங்கியபோதுதான் நம் மொழியின் நீளம் தெரிந்தது. வகுப்பில் பட்டனுக்கு ஒரு சின்ன இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டுக் காட்டினார்கள், கச்சிதமாக உட்கார்ந்தது. நான் ‘தொடர்புகொள்ளுங்கள்’ என்று போட்டேன். ‘தொடர்புகொ’ வரைக்கும் பட்டனுக்குள் இருந்தது. ‘ள்ளுங்கள்’ வெளியே தொங்கியது. பட்டனை இழுத்து நீட்டி, ஒருவழியாக அதையும் உள்ளே தள்ளினேன். பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, அர்த்தமில்லாத லத்தீன் பத்தி ஒன்றை நிரப்பச் சொல்லியிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு தமிழ் எங்கே உடையும், எங்கே வழியும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் ‘எங்களைப் பற்றி’ என்ற பெட்டியை நிரப்ப, மனதில் வந்ததைத் தமிழில் தட்டினேன். பிறகு அழித்துவிட்டு நல்லதாக எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணம். தட்டியது இதுதான்:

‘காலையில் எழுந்தாலே எனக்குப் பயம். யாரோ ஒருவர் என்னைக் கொல்ல வருகிறார், அதுவும் முன்கூட்டியே நேரம் சொல்லிவிட்டு. கியர் மாற்றும்போது சிலர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நான் இருவருக்குமாகச் சேர்த்துத் திறந்து வைத்திருக்கிறேன். யாரையும் திட்டியதில்லை, மனதுக்குள் தவிர. வண்டி நின்றுபோனால் நிற்கட்டும், பின்னால் ஆரன் அடிப்பவன் அடித்துச் சாகட்டும். பிரேக் என் காலடியில் இருக்கிறது. என் காலும் அங்கேதான் இருக்கிறது.’

பெட்டி அழகாக நிரம்பியது. ஒரு எழுத்துகூட வழியவில்லை. நான் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தபோது மச்சினன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அவன் பார்த்தது இரண்டே விஷயம்: போன் நம்பர் சரியா, தன் போட்டோவில் தொப்பை தெரிகிறதா.

“பிரமாதம் மாமா! இந்தப் பச்சை பட்டன் எதுக்கு?” என்று கேட்டான். கேட்டவன் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாமா? அழுத்திவிட்டான். அது ‘வெளியிடு’ பட்டன்.

“டேய்! டேய் மாப்ளே!”

கன்ட்ரோல் இசட் அடித்தேன். என் திரையில் கடைசி வரி மட்டும் மறைந்தது. ஊர் பார்க்கும் பக்கத்தில் எல்லாம் அப்படியே இருந்தது. அதற்குள் அடுத்த மாணவர் வாசலில் ஆரன் அடிக்கத் தொடங்கிவிட்டார். வண்டியில் அவருக்கு ஒழுங்காக வருவது அது ஒன்றுதான். மச்சினன் என்னைக் கையைப் பிடித்து வெளியே தள்ளி, ஆபீஸைப் பூட்டிக்கொண்டு, குடியிருப்பு குரூப், நடைப்பயிற்சி குரூப், பள்ளிக்கூடத் தோழர்கள் குரூப் என்று வாட்ஸ்அப் முழுக்க லிங்க்கை அனுப்பிக்கொண்டே போனான்.

அன்று வண்டியில் நான் கற்றுக்கொடுத்தது எதுவும் எனக்கு நினைவில்லை. என் வேலையும் போச்சு, கனவும் போச்சு என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தால் மச்சினன் வாசலிலேயே நிற்கிறான். கையில் போன். முகத்தில் கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை.

“மாத்திடறேன் மாப்ளே, இப்பவே மாத்திடறேன்” என்றேன்.

“ஒரு எழுத்தை மாத்தினீங்க, நடக்கறதே வேற! போன் ஓயலை மாமா. லைசென்ஸ் வாங்கிட்டு வண்டியைத் தொடாதவங்க, ஒரு தடவை இடிச்சிட்டுப் பயந்துபோய் விட்டவங்க, புருஷன்கிட்டக் கத்துக்கப் போயி பேச்சுவார்த்தை நின்னுபோனவங்க, எல்லாரும் கூப்பிடறாங்க.”

எனக்கு மனம் குளிர்ந்தது. “அப்போ நாற்காலி?”

அவன் தலையைச் சொறிந்தான். “எல்லாரும் ஒரே கேள்விதான் மாமா கேக்கறாங்க. ‘அந்தக் கண்ணைத் திறந்து வச்சிருக்கறவர்கிட்டக் கத்துக்க முடியுமா?’ உங்களை நாற்காலில உட்கார வச்சுட்டு, நான் போய் பிரேக் பிடிக்கவா?”

“அக்கா மேல சத்தியம் பண்ணினியேடா!”

“அக்காகிட்டக் கேட்டுட்டேன். பரவாயில்லைன்னுட்டா.”

மறுநாள் அந்த வெப்சைட் மாணவி வந்தாள். “சைட்டைப் பார்த்தேன் சார். பட்டன்ல எழுத்துகூட வழியலை. பாதிப் பேருக்கு அது வராது.”

“வேலை செய்யுதாம்மா?”

“நல்லா வேலை செய்யுது சார். அதான் உங்க பிரச்சினை.”

பெருமையாக இருந்தது. பற்றிக்கொண்டும் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்தேன், அது என்னைத் தூக்கிப் பழைய சீட்டிலேயே உட்காரவைத்து பெல்ட்டும் போட்டுவிட்டது.

அடுத்து வந்தவர் புதியவர், ஒரு அம்மாள். என் வயது இருக்கும். கார் வாங்கிய நாளிலிருந்து உறை போட்டு மூடியே வைத்திருக்கிறாராம். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“சார், நீங்க எழுதினது நிஜமா? உங்களுக்கும் பயமா இருக்குமா?”

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. “ரொம்பம்மா.”

அவர் நீளமாக மூச்சு விட்டார். ஸ்டியரிங்கில் பிடி தளர்ந்தது. “அப்பாடா! நான் மட்டும்தான்னு நினைச்சேன். அப்ப நீங்க கண்ணைத் திறந்தே வச்சிருங்க சார்” என்று சொல்லி, தன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

வண்டி துள்ளியது. என் இடது கை தானாக எழும்பி, அந்தரத்தில் இரண்டு விரலால் எதையோ அழுத்தியது. ஒன்றும் ஆகவில்லை. பிறகு பிரேக்கை மிதித்தேன்.