நெட் சார் நம்பிய புள்ளிகள்

அந்த மருத்துவமனையில், நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் நெட் சாருக்குத் தெரியாமல் ஒரு ஒயர்கூட உள்ளே நுழைய முடியாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியது பெரும்பாலும் நெட் சாரேதான். ஆனாலும் அதில் பொய் கிடையாது. ஒவ்வொரு மாடியிலும் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு அலமாரி. அதற்குள் பச்சை விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கும் ஒரு சுவிட்ச் பெட்டி. அந்த மாடியின் கணினிகள், படுக்கைக்குப் பக்கத்தில் நாடித்துடிப்பு காட்டும் மானிட்டர்கள், நர்ஸ் மேஜையில் இருக்கும் பெரிய திரை என எல்லாவற்றின் ஒயரும் வந்து சேரும் இடம் அதுதான். அந்தப் பெட்டிகளை நெட் சார் தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே ஆள்வார். பிரவுசரில் பெட்டியின் பக்கத்தைத் திறப்பார், பெயரையும் பாஸ்வேர்டையும் அடிப்பார், அவ்வளவுதான், அந்த மாடி அவர் கைக்குள் வந்துவிடும்.

அந்த பாஸ்வேர்டில்தான் சங்கதியே இருக்கிறது.

மகளின் கல்யாணப் பேச்சுக்காகச் சம்பந்தியம்மா முதன்முதலாக வீட்டுக்கு வந்திருந்த நாள். மாப்பிள்ளையின் அம்மா அவர்; அப்பா இல்லை. தனி ஆளாகப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர். நெட்வொர்க் பாதுகாப்பைச் சோதித்துச் சொல்வது அவருக்குத் தொழில். பேச்சுவாக்கில், "வைஃபை கிடைக்குமா?" என்று கேட்டார். நெட் சார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார். அதற்குள் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "இருங்க, நானே சொல்லிப் பார்க்கறேன். பொண்ணு பேரும் வீட்டு நம்பருமா?" என்று கேட்டு அடித்தார். அடித்ததும் கிடைத்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மகள்கூடச் சிரித்தாள். ஒரு மருத்துவமனைக்கே நெட்வொர்க் பார்க்கிறவருக்கு, சொந்த வீட்டில் வைத்து மூக்கு உடைந்தது.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக எல்லா சுவிட்ச் பெட்டிகளுக்கும் பாஸ்வேர்டை மாற்றினார். புதியது: சம்பந்திபூதம். ஆங்கில எழுத்துகளில், இடைவெளி விடாமல், முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறியோடு. அன்றிலிருந்து தினமும் காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு அதை அடிப்பார். திட்டின மாதிரியும் ஆயிற்று, வேலை பார்த்த மாதிரியும் ஆயிற்று. யாருக்குத் தெரியப்போகிறது? எத்தனை எழுத்து அடித்தாலும் திரையில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள்தானே விழுகின்றன!

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மகள் போனில் "அத்தை இதைச் சொன்னாங்க, அத்தை அதைச் செஞ்சாங்க" என்று வாய் ஓயாமல் பேசினாள். அந்த அம்மாள் மேல் குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை என்பது நெட் சாருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பாஸ்வேர்டை அவர் மாற்றவில்லை.

இப்படி இருக்கையில்தான் பெரிய டாக்டர், அதாவது மருத்துவமனையின் தலைவர், நெட்வொர்க்கை வெளியிலிருந்து ஒருவரை வைத்துச் சோதிக்கப்போவதாக அறிவித்தார். சொன்ன நாளில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர் யார்? லேப்டாப் பையும் கையுமாகச் சம்பந்தியம்மா.

"நாம சம்பந்திங்கன்னு முதல்லயே எழுதிக் குடுத்துட்டேன் சம்பந்தி," என்றார் அவர். "பெரிய டாக்டர் பரவாயில்லைன்னுட்டார்."

"அதனால என்ன, தாராளமா பாருங்க," என்றார் நெட் சார். உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

சம்பந்தியம்மா முதலில் பார்த்தது அவருடைய பிரவுசரின் தலைப்பகுதியை. "சம்பந்தி, சுவிட்ச் பக்கம் எதுலயுமே பூட்டுக் குறி இல்லையே? எல்லாம் மறைச்சு அனுப்பாத வெறும் இணைப்பா இருக்கு."

"உள்ளுக்குள்ள இருக்கற பக்கத்துக்கு எதுக்குங்க பூட்டு? போட்டுப் பார்த்தேன். பிரவுசர் சிவப்புல பெரிசா எச்சரிக்கை காட்டுது. தினமும் அதைத் தாண்டித் தாண்டிப் போய்த் தலைவலிதான் மிச்சம். எடுத்துட்டேன்."

"யாராவது நடுவுல உக்காந்து படிச்சா?"

"இங்க வெளியாள் யாருங்க வரப்போறாங்க?"

சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எல்லாருமே வெளியாள்தானே சம்பந்தி."

மாட்டிக்கொள்ளும்போது வழக்கமாகச் செய்வதையே நெட் சார் செய்தார்: போன் வந்ததுபோல் வெளியே போய்விட்டார்.

மறுநாள் பிற்பகல் கூட்டம். அதற்கு முன் இருவரும் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சம்பந்தியம்மா வெயில், வீட்டுக்கு வெள்ளையடிப்பது என்று எதையெதையோ பேசிவிட்டு, டப்பாவை மூடும்போது சாதாரணமாகச் சொன்னார்: "சம்பந்தி, கூட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடி அந்த சுவிட்ச் பாஸ்வேர்டை மாத்திட்டு வந்துடுங்களேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். ஒரு நல்ல பழக்கம்."

"அதெல்லாம் மாத்த வேண்டிய அவசியமே இல்லைங்க. நல்ல நீளமாத்தான் வெச்சிருக்கேன்."

"தெரியும்," என்று சொல்ல வந்ததுபோல் இருந்தது. ஆனால் சொல்லவில்லை. "உங்க இஷ்டம்," என்று எழுந்து கை கழுவப் போனார். இவர் சொல்லி நான் மாற்றுவதா என்று நெட் சார் தனக்குள் மீசையை முறுக்கிக்கொண்டார். அந்த வீம்பு அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறது என்று அப்போது தெரிந்திருந்தால், கை கழுவாமலே ஓடிப்போய் மாற்றியிருப்பார்.

கூட்ட அறையில் பெரிய டாக்டரும் ஒவ்வொரு பிரிவின் தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நெட் சார் முதலில் பேசினார். கதவில் காவல் இருக்கிறது, அலமாரிகளுக்குச் சாவி இருக்கிறது, பாஸ்வேர்டு தன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது, ஆகவே சம்பந்தியம்மா சொல்லும் இந்தப் பூட்டு வேலை வீண் அலைச்சல் என்று அழுத்தமாகச் சொல்லி உட்கார்ந்தார். சிலர் தலையை ஆட்டினார்கள்.

சம்பந்தியம்மா எழுந்தார். தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டியைக் கையில் காட்டினார். "இதை உங்க காத்திருப்புக் கூடத்துல, டிவிக்குப் பின்னாடி இருக்கற சாக்கெட்ல நேத்துக் காலையில சொருகினேன். பக்கத்துல நாலு பேர் உக்காந்திருந்தாங்க. யாரும் என்னன்னு கேக்கல. இப்ப மறுபடியும் சொருகிட்டு வர்றேன்." போனார், வந்தார். "இப்ப அது நெட் சாரோட கணினிகிட்ட 'நான்தான் சுவிட்ச்'னு சொல்லுது. சுவிட்ச்கிட்ட 'நான்தான் நெட் சார்'னு சொல்லுது. ரெண்டுமே நம்பிடும். பூட்டு இருந்தா, நீ யாருன்னு நிரூபின்னு கேட்டிருக்கும். இங்க அந்தக் கேள்வியே கிடையாது. சம்பந்தி, நீங்க எப்பவும் போல மூணாவது மாடி சுவிட்ச்சைத் திறங்க."

நெட் சார் அலட்சியமாகப் பெயரை அடித்தார். பாஸ்வேர்டை அடித்தார். புள்ளி, புள்ளி, புள்ளி. நுழைவு விசையைத் தட்டினார்.

"அந்தப் புள்ளியெல்லாம் முதுகுக்குப் பின்னாடி எட்டிப் பார்க்கறவனுக்காக," என்றார் சம்பந்தியம்மா, தன் லேப்டாப்பைப் பார்த்தபடி. "ஒயர்ல புள்ளி போறதில்லை. எழுத்து எழுத்தாத்தான் போகுது. வார்டு நடுவுல நின்னு சத்தமா சொல்ற மாதிரி."

எழுத்து எழுத்தாக.

நெட் சாரின் விரல் விசையிலேயே ஒட்டிக்கொண்டது. நேற்றுக் காலையிலேயே சொருகினேன் என்றாரே! அப்படியென்றால் நேற்றுக் காலையில் அடித்தது? கேன்டீனில் "மாத்திட்டு வந்துடுங்களேன்" என்றது? மகளின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. இது இந்த அறையில் வெளியானால் சாயங்காலத்துக்குள் அவள் காதுக்குப் போய்விடும். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலை மிதிப்பது?

"கிடைச்சுதா? திரையில போடுங்க, நாங்களும் பார்க்கறோம்," என்றார் பெரிய டாக்டர்.

"கிடைச்சுது சார். ஆனா திரையில போட மாட்டேன். அடுத்தவங்க பாஸ்வேர்டை சபையில காட்டறது என் தொழில் இல்லை."

"அப்ப நாங்க எப்படிங்க நம்பறது?"

"அவர் காதுல சொல்றேன். சரியா தப்பான்னு அவரே சொல்லட்டும்."

மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். நெட் சாரின் காதருகே குனிந்தார். நர்ஸ் காய்ச்சல் அளவைப் படித்துச் சொல்வதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல், மரியாதையாகவே சொன்னார்: "சம்பந்தி பூதம். முதல் எழுத்து பெரிசு. கடைசியில ஆச்சரியக்குறி."

சொல்லிவிட்டு நிமிர்ந்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

அறையே நெட் சாரின் வாயைப் பார்த்தது. "தப்பு" என்று ஒரு வார்த்தை போதும். இத்தனை பேர் எதிரில் அவர் சொன்னதுதான் ஜெயிக்கும், பூட்டு வேலையும் நின்றுபோகும். இந்த அம்மாளால் மறுத்துப் பேச முடியாது. பேசினால் தன்னையே சபையில் அவமானப்படுத்திக்கொள்ள வேண்டும். அது தெரிந்தும் முடிவை எதிராளியிடம் கொடுத்துவிட்டு, காலண்டரில் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறார். நெட் சாரால் நம்பவே முடியவில்லை. இப்படி ஒரு மனுஷியை அவர் பார்த்ததில்லை. தன்னைத் திட்டியதைத் தன் வாயாலேயே சொல்லிக்காட்டி, அதிலும் திட்டியவன் மானத்தைக் காப்பாற்றுகிற மனசு யாருக்கு வரும்?

அவர் எழுந்து நின்றார். "சரி," என்றார். "ஒரு எழுத்து பிசகாம சரி."

அதோடு உட்காரவில்லை. திறந்து கிடந்த சுவிட்ச் பக்கத்தைத் தானே பெரிய திரையில் போட்டார். "இதோ இந்தக் கட்டத்துல இருக்கற டிக்கை எடுத்தா, மூணாவது மாடி மானிட்டர் ஒண்ணுகூட நர்ஸ் மேஜைக்கு வராது. நாடி நின்னாலும் மணி அடிக்காது. பாஸ்வேர்டு என் ஒருத்தனுக்குத்தான் தெரியும்னு இவ்வளவு நேரம் சொன்னேன். தெரியாத்தனமா சொல்லிட்டேன். காத்திருப்புக் கூடத்துல உக்காந்திருக்கற யார் வேணும்னாலும் இதைச் செஞ்சிருக்கலாம்." பெரிய டாக்டர் அன்றே பூட்டு வேலைக்குக் கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் கலைந்ததும் நெட் சார் தாழ்வாரத்தில் ஓடிப்போய் வழிமறித்தார். "சம்பந்தியம்மா, என்னை மன்னிச்சிடுங்க. அன்னிக்கு ஏதோ கோவத்துல..."

"வைஃபை விஷயந்தானே? அன்னிக்கு நான் பண்ணதும் தப்புதான். உங்க வீட்டுல வெச்சு, உங்க பொண்ணு முன்னாடி அப்படிக் காட்டியிருக்கக்கூடாது. வீட்டுக்குப் போனப்புறம் ரொம்ப சங்கடமா இருந்துது." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "பாஸ்வேர்டு ஒண்ணும் மோசமில்லை சம்பந்தி. நீளம் இருக்கு, யாரும் ஊகிக்க முடியாது. போன வழிதான் சரியில்லை."

நெட் சாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் இருவரும் மாடி மாடியாக ஏறினார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் அது இன்னதுதான் என்று மெய்ப்பிக்கிற சான்றிதழை ஏற்றினார்கள்; அந்தச் சான்றிதழை நம்பும்படி நெட் சாரின் கணினிக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அதன்பின் சிவப்பு எச்சரிக்கை வரவில்லை. "இனிமே எப்பவாவது சிவப்பு வந்தா, கண்ணை மூடிக்கிட்டுத் தாண்டாதீங்க," என்றார் சம்பந்தியம்மா. "அன்னிக்கு நடுவுல யாரோ உக்காந்திருக்காங்கன்னு அர்த்தம்." ஒரு பெட்டி பழையது, பூட்டு ஏற்றுக்கொள்ளாமல் முரண்டு பிடித்தது. அதைக் கழற்றி எறியச் சொல்லிவிட்டார், தயவுதாட்சண்யமே இல்லாமல். அந்தக் கறாரைப் பார்த்து நெட் சாருக்கு இப்போது பெருமையாக இருந்தது. வீட்டில் மனைவியிடம் நாளுக்கு நான்கு தடவை சம்பந்தியம்மா புராணம்தான்.

கடைசி நாள், புதுப் பாஸ்வேர்டு வைக்க வேண்டும். சம்பந்தியம்மா தன் லேப்டாப்பை ஒட்டுக்கேட்கும் நிலையில் விட்டுவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நெட் சார் கொஞ்சம் யோசித்தார். பிறகு நிதானமாக, நீளமாக எதையோ அடித்தார். "ஆச்சுங்க."

இருவரும் லேப்டாப்பைப் பார்த்தார்கள். திரை முழுக்கத் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் எழுத்துகளும் எண்களும் இறைந்து கிடந்தன. சம்பந்தியம்மாவின் முகம் மலர்ந்தது. "பாருங்க, நீங்க என்ன வெச்சீங்கன்னு எனக்கே தெரியல. இதுதான் வேணும்."

நெட் சாருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. திட்டி வைத்தபோது ஒவ்வோர் எழுத்தும் அந்த அம்மாள் கண்ணில் பட்டது. மனசார ஒன்றை எழுதியபோது ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. தெரியாதபடி பூட்டியதும் அந்த அம்மாளேதான். இதை வாயால் சொன்னால்தான் உண்டு.

"சம்பந்தியம்மா... எங்க பொண்ணு குடுத்து வெச்சவ. உங்க வீட்டுக்கு வர."

சம்பந்தியம்மா லேப்டாப்பை மூடப்போன கையை நிறுத்தினார். அவரை ஏற இறங்கப் பார்த்தார். வைஃபை கேட்ட அன்று வந்த அதே சிரிப்பு உதட்டோரம் வந்தது.

"இதைத்தானே இப்ப பாஸ்வேர்டா வெச்சீங்க?"

நெட் சார் திருதிருவென்று விழித்தார்.

"பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லக்கூடாது சம்பந்தி. மாத்துங்க."

மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நெட் சார் மாற்றி முடித்து, "ஆச்சுங்க," என்றார். சம்பந்தியம்மா திரும்பாததால் "ஆச்சுங்க" என்று இன்னொரு முறையும் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இன்னும் சுவரைப் பார்த்தபடிதான் நின்றிருந்தார்.