ரிப்பன் வெட்டாத சாய்தளம்

விழாவுக்கு 'குரலற்றோரின் குரல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மேடை பேனரில் அதைப் படித்ததும் ராக்கெட்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. யாருக்குக் குரல் இல்லையாம்? பார்லர் அக்கா வாயைத் திறந்தால் நாலு தெரு தள்ளிப் போகிறவனும் திரும்பிப் பார்ப்பான். திருநங்கைக்கு வீடு தர மாட்டோம் என்று அவளைத் திருப்பி அனுப்பிய வீட்டுக்காரர்கள் அந்தக் குரலை நன்றாகவே கேட்டிருக்கிறார்கள். காது கேளாத வெல்டர் கையாலேயே சண்டை போட்டு, கையாலேயே சமாதானமும் ஆகிவிடுவான். ராக்கெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவள் நடத்தும் செல்போன் ரிப்பேர் கடையில் அவளைப் பார்த்து 'பாவம்' என்று உச்சுக்கொட்டியவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போனது கொஞ்சநஞ்சமல்ல. சக்கர நாற்காலியில் அவள் போகிற வேகத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் வைத்த பெயர்தான் ராக்கெட்.

இன்று இந்த மூன்று பேரின் நடனம். மூன்றாம் வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடப் படி, பஸ் படி, கல்யாண மண்டபப் படி என்று சின்ன வயதிலிருந்து அவளைத் தூக்கிச் சுமந்தவன். பாசத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஒருமுறைகூட 'தூக்கட்டுமா' என்று கேட்டவனில்லை. அவள் கடைக்குப் பக்கத்தில் தனியாக ரூம் எடுத்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் போய்விட்டது.

"தனியா இருந்து என்னத்தக் கிழிக்கப் போற? வீட்டுக்கு வா" என்று தினமும் போனில் ஒரே பாட்டு.

"யார் கையும் படாம மேடை ஏறி ஆடறேன், வந்து பாரு" என்று அவள்தான் சவால் விட்டாள்.

"ஏறிட்டா நான் வாயே திறக்கல. ஏறலேன்னா மூட்டையக் கட்டு."

அமைப்பாளர் மேடம் சாய்தளம் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்த தைரியம். கட்டியும் விட்டார். மேடைக்கு இடது பக்கம் வழவழவென்று பெயின்ட் அடித்த சாய்தளம், இரண்டு பக்கமும் பூந்தொட்டி, குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன்.

"ரிப்பனை எடுங்க மேடம், எங்க நேரம் வந்தாச்சு."

"அய்யோ, அதத் தொடாதம்மா! தலைவர்தான் திறந்து வைக்கணும். வந்துக்கிட்டே இருக்காரு."

"அப்ப நான் எப்படி ஏறுறது?"

"அதுக்கென்ன, தொண்டர் பசங்க தூக்கிடுவாங்க. போட்டோவும் நல்லா வரும். அவர் திறந்தப்புறம் நீ எத்தனை தடவ வேணும்னாலும் ஏறலாம்."

சக்கர நாற்காலிக்காகக் கட்டிய வழியில் சக்கர நாற்காலி ஏறக்கூடாது! இதை யோசித்துக் கண்டுபிடிக்க ஒரு குழு வேறு கூடி டீ குடித்திருக்கும். ராக்கெட்டுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரே மாதிரி பனியன் போட்ட நான்கு பேர், பீரோ தூக்க வந்தவர்கள் மாதிரி அவளைச் சுற்றி நின்றார்கள். அதற்குள் அண்ணனும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டான்.

"தள்ளுங்கப்பா, எனக்குத்தான் பழக்கம்."

அவன் முகத்தில் ஒரு நிம்மதி. ஜெயித்துவிட்ட நிம்மதி. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"கைய எடு அண்ணா."

அவள் நாற்காலியைப் பின்னால் இழுத்தாள். பிறகு விட்டாள் ஒரே விடு. ரிப்பன் மார்பில் பட்டு இழுபட்டு அறுந்தது. மேடம் போட்ட சத்தத்தை மைக் வாங்கி மண்டபம் முழுக்கக் கொடுத்தது. ரிப்பன் வால் தோளில் தொங்க, ராக்கெட் மேடை நடுவில் போய் நின்றாள். கூட்டம் இதையும் நடனம் என்று நினைத்துக் கைதட்டியது.

நடனத்தில் ஒரு இடம் உண்டு. வெல்டரும் பார்லர் அக்காவும் சிரித்த முகத்தோடு அவள் நாற்காலியைப் பிடிப்பார்கள். அவளைக் கேட்காமலே இழுப்பார்கள், திருப்புவார்கள், சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டு அவள் தலைக்கு மேலே கைச்சைகையில் பேசிக்கொள்வார்கள். அவள் கை நீட்டினால் அதைப் பிடித்து மடியில் வைத்துத் தட்டிக்கொடுப்பார்கள். மூச்சு முட்டுகிற இடம் அது. முன்வரிசை அதை அன்பு என்று எடுத்துக்கொண்டது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டியது. நல்ல வேளை, வெல்டருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதியில் இறங்கிப் போயிருப்பான்.

அண்ணன் மட்டும் கைதட்டவில்லை. மடித்த சட்டைக்கையைப் பிரித்துவிட்டுக்கொண்டு, சாய்தளத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

நடனம் முடியவும் தலைவர் வந்து சேர்ந்தார். மேடம் அதற்குள் புது ரிப்பன் கட்டிவிட்டார். தலைவர் வெட்டினார். முட்டி வலிக்காரர், படியைப் பார்த்து முகம் சுளித்து, சாய்தளத்திலேயே ஏறிப் போனார். மண்டபம் அதிரக் கைதட்டல்.

"தம்பிங்களா, அந்தப் பொண்ணத் தூக்கிக் கீழ வைங்க" என்றார் மேடம். "தலைவர் தள்ளிக்கிட்டு ஏறுற மாதிரி ஒரு போட்டோ வேணும்."

நான்கு பனியன்களும் நகர்ந்தன. அண்ணன் குறுக்கே வந்து நின்றான்.

"அவளக் கேட்டீங்களா?"

"நீங்க யாருங்க?"

"அண்ணன். இத்தன வருஷமா கேக்காமத் தூக்கினவன்."

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்கிற உத்தேசமும் அவருக்கு இல்லை. போட்டோவுக்கு வேறு யாராவது கிடைப்பார்களா என்று கூட்டத்தில் தேடப் போனார்.

ராக்கெட் தானே இறங்கி வந்தாள். அண்ணனின் இரண்டு கைகளும் பழக்கதோஷத்தில் முன்னால் நீண்டன. பாதியில் நின்றன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"மூட்டையக் கட்டணுமா?" என்றாள்.

"உன் ரூமுக்கு எந்தப் பக்கம் போகணும்? எனக்கு வழி தெரியாது" என்றான். "நீ முன்னால போ."