நாலு விரல்

“அம்மாவுக்கு மூச்சு ஏறி ஏறி இறங்குது. நீங்க இங்க மண்ணைக் கிளறிக்கிட்டு இருக்கீங்களேப்பா!”

ஈவார் நிமிரவில்லை. ஆப்பிள் கன்றைச் சுற்றி ஓரடி தள்ளி, மண்வாரியைக் காலால் மிதித்து வட்டமாக இறக்கிக்கொண்டிருந்தார்.

“அவதானே சொன்னா, மொட்டு வெடிக்கறதுக்குள்ள தூக்கணும்னு. நாளைக்கு வெடிச்சிரும்.”

“நர்ஸ் காலைல என்ன சொன்னாங்க? இன்னிக்குத் தாண்டாதுன்னாங்கல்ல?”

“கேட்டுது. நான் ஒண்ணும் செவிடு இல்ல.”

மகள் தோருனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அம்மா கிடக்கும் அறைக்குள் வந்து உட்கார அப்பாவுக்குப் பயம், அதற்கு இந்தக் கன்று ஒரு சாக்கு. விடுவிடுவென்று உள்ளே போனாள்.

எல்லாம் போன அக்டோபரில் வந்த வினை. அம்மா குட்ரூன் தன் பிறந்த வீட்டுக் கிராவென்ஸ்டீன் ஆப்பிள் மரத்தில் குச்சி வெட்டி, தானே ஒட்டுக் கட்டி வளர்த்த கன்று அது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில், திரும்பி வந்ததும் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று ஈவார் நட்டுவைத்தார். மனுஷன் நாற்பது வருஷம் ஃபெரிப் படகில் வேலை பார்த்தவர். காற்றுக்குச் சாயக் கூடாதென்று முழங்கை ஆழம் இறக்கிவிட்டார். ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்குள் போய்விட்டது. மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த இந்த ஃபியோர்டுக் கரையில் பால்குடி மறந்த பிள்ளைகூட அப்படி நடாது. முடிச்சு புதைந்தால் பட்டை அழுகும். இல்லாவிட்டால் மேல்குச்சி சொந்தமாக வேர்விட்டு, மரம் காடாய் வளர்ந்து வருஷக்கணக்கில் காய்க்காமல் நிற்கும்.

“படகு கட்டற கட்டைன்னு நினைச்சியா?” என்றாள் குட்ரூன்.

“நேராத்தானே நிக்குது” என்றார் அவர்.

பனிக்காலம் முழுக்க இதே சண்டை. முந்தாநாள்தான் அவர் வாயிலிருந்து “சரி, தப்புதான்” என்று வந்தது. உடனே குட்ரூன் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னாள். முடிச்சு வெளியே வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றாள்.

“ஜன்னலைத் திற” என்றாள் இப்போது.

“என்னம்மா பேசற?”

அந்த ஊர் வழக்கப்படி, உயிர் பிரிந்த பிறகுதான் அந்த அறை ஜன்னலைத் திறப்பார்கள், ஆன்மா வெளியே போக.

“அப்பா பாத்தா நீ போயிட்டன்னு நினைப்பாரு.”

“நினைக்கட்டும். ஒரு நாளாவது எனக்காக ஓடி வரட்டும்.”

தோருன் கொக்கியை நீக்கினாள். சத்தம் கேட்டதும் ஈவாரின் கையிலிருந்து மண்வாரி விழுந்தது. முகம் சுண்ணாம்பாய் வெளுக்க நாலு எட்டு ஓடி வந்தார். குட்ரூனுக்குச் சிரிப்பில் இருமல் வந்தது. அவள் முணுமுணுத்ததைத் தோருன்தான் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

“இன்னும் சாகலையாம்ப்பா! வேலையைப் பாக்கச் சொல்றா!”

“அடிப்பாவி! மனுசன் உயிரை எடுக்காத!” என்று சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். மண்டியிட்டு விரலால் மண்ணை விலக்கினார். “முடிச்சுக்கு மேல வேர் விட்டிருக்கு!”

“வெட்டச் சொல்லு.”

“பச்சையா இருக்கே. உயிரோட இருக்கு.”

“அதை விட்டு வச்சா மரம் கெட்டுச்சு. வெட்டச் சொல்லு அவனை.”

அவர் கத்தியை விரித்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொன்றாக வெட்டினார். அம்மா ஒவ்வொரு வெட்டையும் பார்த்தாள்.

“எத்தனை விரல் வெளிய தெரியணும்?” என்று கேட்டார் ஈவார்.

“முடிச்சுக்குக் கீழ நாலு விரல்” என்றாள் குட்ரூன். “குளிருது, சாத்தும்மா.”

தோருன் சாத்தினாள். அம்மாவின் கை ஐஸாக இருந்தது. வெளியே ஈவார் மண்வாரியை அடியில் கொடுத்து, வேரோடு ஒட்டிய மண்ணோடு கன்றை நெம்பி, அடியில் மண்ணைத் தள்ளினார். மறுபடி நெம்பினார். புடைத்த முடிச்சு மெதுவாக வெளியே வந்தது.

“தெரியுதாம்மா?”

“ரெண்டு விரல்தான்... சோம்பேறி.”

மூச்சை இழுத்தாள். தோருன் அது வெளியே வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அம்மாவின் கண் கன்றின் மேலேயே இருந்தது. அந்தக் கண்ணைத் தோருன்தான் மூடினாள். அப்பாவைக் கூப்பிட வாயைத் திறந்தாள். அவர் கன்றைத் தோளில் அணைத்துப் பிடித்திருந்தார். ஒரு பக்கத்து வேர் முழுக்க அந்தரத்தில் தொங்கியது. இப்போது விட்டால் முறிந்துவிடும்.

அவள் ஜன்னலைத் திறந்தாள்.

“சரி, சரி, கேட்டுது!” ஈவார் திரும்பாமலே கத்தினார். “இந்தத் தடவை ஏமாற மாட்டேன். இன்னும் எத்தனை விரல்னு கேளு!”

தோருன் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு விரல்ப்பா.”

“அதானே. அவளுக்கு எது செஞ்சாலும் ரெண்டு விரல் கொறையும்.”

தோருன் வெளியே ஓடி, மண்டியிட்டுத் தண்டைப் பிடித்துக்கொண்டாள். சற்று முன் அவரைத் திட்டியது நெஞ்சில் குத்தியது. அவர் மண்ணைத் தள்ளி, கையால் அழுத்தி, முடிச்சுக்குக் கீழே விரல்களைப் படுக்கையாக வைத்துப் பார்த்தார். நாலும் சரியாக அடங்கின.

“போதுமான்னு கேளு.”

“போதும்ப்பா.”

“அப்ப போய் ஜன்னலைச் சாத்து. அவளுக்குக் குளிரும்.”

தோருன் தண்டிலிருந்து கையை எடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. ஈவார் அவள் முகத்தைப் பார்த்தார். திரும்பி ஜன்னலைப் பார்த்தார். வெள்ளைத் திரை வெளியே வந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் மறுபடி குனிந்து, முடிச்சுக்குக் கீழே நாலு விரலையும் வைத்தார். வைத்தபடியே இருந்தார்.