தேய்மானம் போக

இணையவழியில் கட்டடக் கலை படிக்கிறவர்கள் வரையும் கட்டடங்களுக்கு வேண்டிய இடத்தை அவரவர் வீட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்வார்கள். வளாகம் உள்ள கல்லூரி என்றால், மாணவன் ஒரு கூடம் வரைந்ததும் வளாகத்தில் அந்த அளவைக் கழித்துக்கொள்ளும். இணையக் கல்லூரிக்குக் கழிப்பதற்கு ஒரு முழம் மண்கூடக் கிடையாது. கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பிள்ளைகளைச் சேர்க்கும்போது மொட்டைமாடியையோ மாடிப்படிக்கு அடியிலிருக்கும் இடுக்கையோ கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

ஜெகதீசனுக்கு நாற்பத்தாறு வயது. அடிபட்ட கார்களைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சேத மதிப்பு எழுதித் தரும் சர்வேயர் அவன். பம்பருக்கு எவ்வளவு, டயருக்கு எவ்வளவு தேய்மானம் கழிக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அதிகம் புழங்கியது மதிப்புக் குறைந்தது, புழங்காமல் கிடப்பதே மதிப்பு மிக்கது என்பதுதான் அந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஒருநாள் நசுங்கிப்போன வேன் ஒன்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, வாழ்நாள் முழுக்க எதையும் உடைந்த பிறகே பார்த்துவருகிறோம் என்று அவனுக்குத் தோன்றியது. உடைவதற்கு முன்னால் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை வந்தால் சும்மா இருக்கிற ஆளில்லை அவன்.

இன்னொரு காரணமும் இருந்தது. அவர்கள் வாங்கிய வீட்டில் சமையலறைக்கு ஜன்னல் இல்லை. அவன் மனைவி சாந்தாமணி பட்டப்பகலிலும் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் சமைத்தாள். வந்த புதிதில் ஒரே ஒருமுறை, "இங்கொரு ஜன்னலு இருந்தா நல்லாருக்குமுங்க" என்றாள். "வெச்சுரலாம்" என்றான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அவனை இத்தனை வருடமாக அரித்துக்கொண்டிருந்தது.

வேறு துறையிலிருந்து வருகிறவர்களையும் முதுகலையில் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் இரண்டு அகப்பட்டன. ஒன்றில் மூன்றரை வருடப் படிப்பு. வருடத்துக்கொருமுறை நேரில் போய்த் தங்கிப் படிக்க வேண்டும். அங்கீகாரம் இருந்தது. எடுத்த இடத்தை மதிப்பெண் போட்டதும் திருப்பித் தந்துவிடுவார்கள். இன்னொன்றில் இரண்டே வருடம், எங்கும் போக வேண்டியதில்லை. அங்கீகாரம் வழியில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். எந்த வழியில் என்று அவன் கேட்கவில்லை. எடுத்த இடத்தைத் திருப்பித் தர மாட்டார்கள்.

"திருப்பித் தாரவங்ககிட்டயே சேந்துக்கோங்க" என்றாள் சாந்தாமணி.

"மூணரை வருசம் ஆகும் சாந்தா. அதுக்குள்ள நான் கிழவனாயிருவேன்."

அவன் தனக்கும் தேய்மானம் கழித்துப் பார்த்திருந்தான். மூன்றரை வருடத்துக்கு அந்த வண்டி தாங்காது என்று கணக்கு வந்தது. இரண்டு வருடத்துக்காரர்களிடமே சேர்ந்தான்.

சேர்க்கைப் பிரிவிலிருந்து ஷர்மிதா என்கிற பெண் போனில் பேசினாள். "சார், உங்க வீட்டுல எந்த இடத்துலருந்து எடுக்க ஆரம்பிக்கலாம்?"

மற்றவர்களாக இருந்தால் மொட்டைமாடி என்று சொல்லியிருப்பார்கள். ஜெகதீசன் டார்ச்சை எடுத்துக்கொண்டு, கார் பார்ப்பதைப் போலவே வீட்டைச் சுற்றிப் பார்த்தான். மொட்டைமாடி புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. விருந்தாளிக்கென்று ஒதுக்கிய அறையில் யாருமே தங்கியதில்லை, முழு மதிப்பு. சமையலறையில் அடுப்புக்கு முன்னால் மட்டும் தரை வழுவழுத்து, மஞ்சள் கறை ஏறி, லேசாகக் குழிந்திருந்தது. வீட்டிலேயே அதிகம் தேய்ந்த இடம் அதுதான்.

"அடுப்புக்கு முன்னாடி இருக்கற இடத்துலருந்து ஆரம்பிச்சுக்கோங்க. அப்புறம் தேய்மானப்படி வரிசையா எடுத்துக்கோங்க" என்றான். நல்லதைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

முதல் பயிற்சி எல்லோருக்கும் பஸ் நிழற்குடைதான். அவன் வரைந்து முடித்தபோது சமையலறையின் எதிர்ச்சுவர் அடுப்பை ஒட்டி வந்து நின்றது. சாந்தாமணி கூடத்தில் நின்றுகொண்டு, கதவு வழியாகக் கையை நீட்டி, நீளக் கரண்டியால் குழம்பைக் கிண்டினாள். கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு மயிலாத்தாள் அதைப் பார்த்தாள்.

"சமையலறையக் குடுத்துப்போட்டீங்களா? நாங்க பையனுக்கு மாடிப்படிக்கு அடியில குடுத்தோம்" என்றாள்.

"இவிங்களுக்குக் கணக்கு வேற மாதிரியாம்" என்று சாந்தாமணி கறிவேப்பிலையைக் கிள்ளிக் கொடுத்தாள்.

மாணவர்கள் வரைந்ததைப் பேராசிரியர்கள் கூடி விசாரித்து மார்க் போடுவதற்கு ஜூரி என்று பெயர். ஜூரியில் மற்றவர்களுடைய நிழற்குடைகள் துடைத்துவிட்டது போல இருந்தன. ஜெகதீசனின் நிழற்குடைத் தரையில் மட்டும் மஞ்சள் கறையும் ஒரு சிறு குழிவும் தெரிந்தன. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இங்க ஒரு ஆள் ரொம்ப காலம் நின்னிருக்காங்க. காலியான இடத்துல இதை எப்படிங்க கொண்டுவந்தீங்க?" என்று கேட்டார். யாரும் அவனை அப்படிப் பாராட்டியதில்லை. தலைகால் புரியவில்லை அவனுக்கு.

அடுத்து ஒரு வாசகசாலை வரைந்தான். சாந்தாமணி உட்கார்ந்து காய் நறுக்கும் நிலைப்படி அதற்குப் போயிற்று. ஒரு தொடக்கப்பள்ளிக்குக் கட்டிலில் அவள் படுக்கும் பக்கம் போயிற்று. துணி மடிக்கும் மூலை, மதியம் சாய்ந்துகொள்ளும் சுவரோரம், செருப்பு விடும் இடம் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எடுக்க எடுக்க மார்க் ஏறியது. ஜெகதீசன் புழங்கிய இடங்களுக்கு முறை வரவே இல்லை. பகலெல்லாம் ஒர்க்‌ஷாப்புகளிலேயே கிடந்த ஆள் வீட்டில் எதைத் தேய்த்திருக்கப் போகிறான்?

சாந்தாமணி பீரோவுக்குப் பின்னாலும் விருந்தாளி அறையிலும் மாறி மாறி நின்றாள். ஒரு காலையில் அவனிடம், "எனக்கு விருந்தாளியா வந்தாப்பல இருக்குதுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் நிமிர்ந்து பார்த்திருப்பான்.

கடைசி வேலை ஒரு வீடு. அவன் அதற்காகத்தான் படிக்கவே வந்தான். கிழக்குப் பார்த்த சமையலறை வரைந்து, அடுப்புக்கு நேரே பெரிய ஜன்னல் வைத்தான். அதற்குள் வீட்டில் சாந்தாமணியின் இடம் என்று எதுவும் மிச்சமில்லை. அவள் அரிவாள்மனையையும் மாற்றுப்புடவையையும் எடுத்துக்கொண்டு, தன் இடங்கள் இருக்கும் இடத்துக்குப் போனாள். ஜெகதீசன் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, அவன் வரைந்த வீட்டின் ஜன்னலருகே அவள் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வெயில் விழுந்தது. அந்த முகத்தை வெயிலில் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று அவனுக்கு நினைவில்லை.

"வெளிச்சம் நல்லாருக்குதுங்க" என்றாள்.

அவன் ஷர்மிதாவைக் கூப்பிட்டான்.

"சப்மிட் பண்ணிட்டா வீடு காலேஜுக்குத்தான் சார். அதுல இருக்கற எல்லாமும்தான். வித்ட்ரா பண்ணா அழிஞ்சிரும். ஜூரியில ஃபெயிலாயிட்டா மட்டும் ஒரு வருஷம் உங்ககிட்டயே இருக்கும், திருத்திக்கலாம். அப்புறம் மறுபடி ஃபெயிலானா இன்னொரு வருஷம்."

பெயிலாவதற்கு வழி அவனுக்குத் தெரிந்திருந்தது. ஜன்னலில்லாத சமையலறையை எந்த ஜூரியும் பாஸ் போடாது. அந்த ஒரு ஜன்னலை எடுத்துவிட்டால் போதும், சாந்தாமணி வருடா வருடம் அவனுடனே இருப்பாள். மௌஸை நகர்த்தி ஜன்னலைத் தொட்டான். அதன் நான்கு ஓரங்களும் நீலமாக மாறின.

சாந்தாமணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"ஏனுங்க, அதைய எடுக்கப் போறீங்களா?"

"எடுத்தா நீ எங்கிட்டயே இருக்கலாம் சாந்தா."

அவள் வெளியே பார்த்தாள். அவன் வெளியே எதுவும் வரைந்திருக்கவில்லை, வெறும் வெள்ளைதான். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்கறதுன்னா எடுத்துக்கோங்க. லைட்டுப் போட்டுக்கறேன்" என்றாள். பிறகு திரும்பி, சுவரில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள்.

அவன் சுவிட்ச் வரைந்திருக்கவில்லை. அவள் கை சுவரைத் தடவித் தடவிப் போவதை அவனால் பார்க்க முடியவில்லை. மௌஸிலிருந்து கையை எடுத்தான். அழுதான். அழுது முடித்துவிட்டு, ஜன்னலோடு சப்மிட் பண்ணினான்.

முதல் வகுப்பில் தேறினான். பட்டம் கூரியரில் வந்தது. அங்கீகாரம் இன்னும் வழியில்தான் இருந்தது. வீட்டில் விருந்தாளி அறையும் மொட்டைமாடியும் முழு மதிப்போடு அப்படியே இருந்தன. அவன் இரண்டிலும் போய் நின்று பார்த்தான். இரண்டுமே யார் வீடோ போல இருந்தன.

கொஞ்ச நாள் கழித்து அவனே ஷர்மிதாவுக்குப் போன் போட்டான்.

"மறுபடியும் முதல் வருஷத்துல சேரணும்மா."

"சேரலாம் சார். பழைய மாணவர்னா நேரா சேத்துக்குவோம்."

"நிழற்குடையெல்லாம் எங்க வைப்பீங்க?"

"ஒரே தெருவுலதான் சார். அந்தத் தெரு முடியற இடத்துல ஃபைனல் இயர் வீடுகள் இருக்கும். நீங்க வரைஞ்ச வீட்டு ஜன்னலுக்கு எதிர்ல ஒரு இடம் காலியாத்தான் இருக்கு."

"எடுத்த இடத்தைத் திருப்பித் தர மாட்டீங்கல்ல?"

"இல்லீங்க சார். அதுல எங்க பாலிசி மாறல."

"மாத்திராதீங்கம்மா" என்றான்.

"எந்த இடத்துலருந்து எடுக்க ஆரம்பிக்கலாம் சார்?"

ஜெகதீசன் டார்ச்சை எடுத்து வீட்டைச் சுற்றிப் பார்த்தான். மிச்சமிருப்பதில் அதிகம் தேய்ந்தது எது என்று கண்டுபிடிக்க அவனுக்கு நேரம் பிடிக்கவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, மேஸ்திரியிடம் வாங்கி வைத்திருந்த அளவு டேப்பின் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி, மறுபக்கத்தை உச்சந்தலை வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, போனைக் காதோரம் வைத்துத் தரையில் படுத்தான்.

"அளவு சொல்லுங்க சார்."

சொன்னான். அந்தப் பக்கம் அவள் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது.

"நிழற்குடைக்கு ஒரு சாண் குறையுது சார். முழங்கால் மடங்கியிருக்கா?"

மடங்கித்தான் இருந்தது. அவன் காலை நீட்டி நேராகப் படுத்தான்.