முப்பதடி அலமாரி வளைந்த விவரம்

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகும் சாலையில் எட்டாவது கிலோமீட்டரில் இருக்கும் ஊர்ப்புற நூலகத்தின் முப்பதடி நீள இரும்பு அலமாரி, 2019 ஆடி மாதம் வளையத் தொடங்கியது. முதல் ஆண்டில் அரிவாள் போல இருந்தது. இரண்டாம் ஆண்டில் லாடம் போல ஆனது. 2022 தை பிறந்தபோது அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஓர் ஆட்டுக்குட்டி நுழையும் இடைவெளிதான் மிச்சம். தகடு கசங்கவில்லை, வெல்டு விடவில்லை, புத்தகம் ஒன்றுகூடக் கீழே விழவில்லை. நூலகர் சுதாராணிக்கு வளைந்ததில் வருத்தமில்லை. ஏன் வளைந்தது என்று தெரியாததில்தான் வருத்தம். தெருக்குழாய் சொட்டினால்கூட நின்று, வாஷரா மரையா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிற ஆள் அவர்.

அலமாரியின் கிழக்கு முனையில் கடவுளைத் தவிர வேறு எதுவுமே இல்லை என்று சொல்லும் புத்தகங்கள் இருந்தன. மேற்கு முனையில் எது இருந்தாலும் கடவுள் மட்டும் இல்லை என்று சொல்லும் புத்தகங்கள். நடுவில் கோழி வளர்ப்பு, சமையல், தட்டச்சு, போட்டித் தேர்வு. இப்படிப் பிரித்து அடுக்கியவர் முந்தைய நூலகர். அதற்குக் காரணம் இரண்டு வாசகர்கள். ஒருவர் பூவனநாதன், மணியாச்சியில் ரயில்பாதை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோவில்பட்டிக் கோயில் சாமியின் பெயரைச் சுமந்துகொண்டே அந்தச் சாமி இல்லை என்று நாற்பது ஆண்டாகச் சொல்லி வருபவர். மற்றவர் முப்பிடாதி, பூவனநாதனுடைய அக்காள் புருஷன், எண்பது ஆடும் கொஞ்சம் மானாவாரி நிலமும் வைத்திருப்பவர், வாரத்தில் மூன்று நாள் விரதம். ஒரு காதுகுத்துக் கிடாவெட்டில் முப்பிடாதி சாமியைக் கும்பிட, பூவனநாதன் போய்க் கிடாயைக் கும்பிட்டார். அன்றோடு பேச்சு நின்று பதினான்கு ஆண்டு ஆகியிருந்தது. ஆளுக்கொரு முனையில் நாற்காலி போட்டுப் படித்தார்கள். அலமாரி வளைய வளைய நாற்காலிகளும் கூடவே நகர்ந்து, கடைசியில் இருவர் முழங்கால்களும் இடித்துக்கொண்டன.

“லைப்ரரியம்மா, அவியள நாற்காலிய அங்கன தள்ளிப் போடச் சொல்லுங்க. ஆட்டு வாடை தாங்கல” என்பார் பூவனநாதன்.

“நான் உக்காந்த எடத்துலதாம் உக்காந்திருக்கேன். அவருக்கு மூக்கு இருக்கது நெசம்னா சாமி இருக்கதும் நெசந்தான்னு சொல்லுங்க” என்பார் முப்பிடாதி. சுதாராணி இரண்டையும் சொல்லமாட்டார். அவர் முனைகளுக்கு நடுவே நூல் பிடித்து அளந்துகொண்டிருப்பார்.

காரணம் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. இரும்பு வெயிலில் நீளும், நீள இடமில்லாவிட்டால் நெளியும், அதற்காகத்தான் தண்டவாளத்தில் இடைவெளி விடுவது என்றார் பூவனநாதன். நல்ல விளக்கம், ஆனால் மார்கழிக் குளிரிலும் அலமாரி ஒரு சாண் வளைந்தது. கரிசல் மண் கோடையில் வெடித்துச் சுருங்கும், மழையில் இட்லி மாவாக உப்பும், மேலே நிற்பதெல்லாம் கோணும் என்றார் கொத்தனார் கார்த்திகேசன். அதுவும் நல்ல விளக்கம். ஆனால் தரையில் ரசமட்டம் வைத்தால் குமிழி நட்டநடுவில் நின்றது. வெல்டர் செண்பகராஜ் விளக்கம் எதுவும் சொல்லாமல் இரண்டு முனையையும் லாரிச் சங்கிலியால் எதிரெதிர்ச் சுவர்களோடு கட்டினார். மறுநாள் காலையில் பூட்டுகள் பூட்டியபடியே இருக்க, சங்கிலி நாலு கண்ணி நீண்டிருந்தது. ஆட்கள் சாய்வதால் வளைகிறது என்றும் சொல்ல முடியவில்லை. ஊரடங்கில் பூட்டிக் கிடந்த மாதங்களில்தான் அது அதிகமாக வளைந்தது.

மாசியில் மாவட்ட நூலக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை ஆய்வு. அலமாரி நேராக இல்லாவிட்டால் கட்டடம் பழுது என்று எழுதி நூலகத்தை மூடி, புத்தகங்களை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். காவலர் தேர்வுக்கு அங்கே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து படித்துவந்த இசக்கிசெல்வி அதைக் கேட்டு, “அப்ப நான் வேப்பமரத்தடியிலதாம் போலீஸாகணுமாக்கா?” என்றாள். சுதாராணி நூலை எடுத்து முனைகளை மறுபடி அளந்தார்.

திங்கட்கிழமை பகல் பதினோரு மணிக்கு, பெட்டி பூட்டுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு முனைகள் ஒட்டிக்கொண்டன. முழு வளையம், ஏழடி உயரம். காலையில் ஒருக்களித்து நுழைந்து உட்கார்ந்த பூவனநாதனும் முப்பிடாதியும் உள்ளே. அலமாரிக்கு முதுகுத்தகடு இல்லாததால் சமையல் புத்தகங்களை விலக்கி, அந்தச் சந்தில் இசக்கிசெல்வி இரண்டு டீ கொடுத்தாள். செண்பகராஜ் கட்டர் எடுக்கக் கோவில்பட்டிக்குப் போனார். சற்று நேரத்தில் வளையம் இன்னும் இறுகி, ஒருவருடைய புத்தகத்தட்டு மற்றவருடைய முகத்துக்கு நேரே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல், கைக்கு எட்டியதை எடுத்துப் படித்தார்கள். எட்டியது எதிராளியின் புத்தகம்.

இரண்டு மணிக்கு உள்ளேயிருந்து ஒரு குரல். பதினான்கு ஆண்டில் முதல் முறையாக நேர்ப்பேச்சு.

“ஏலே பூவா, ஒன் புத்தகத்துல கடைசி வரிக்கு என்ன அர்த்தம்?”

“ ‘தேடியவனையும் காணோம்’னு இருக்கே, அதா? எல்லாத்தையும் இல்லன்னு தள்ளிக்கிட்டே போயி, கடைசில நாமளும் இல்லங்காரு. ஏன் அத்தான்?”

“எம் புத்தகத்துலயும் அதாம்ல இருக்கு. எல்லாத்தையும் சாமின்னு சேத்துக்கிட்டே போயி, கடைசில தேடியவனையும் காணோங்காரு.”

“அதத்தானய்யா நான் நாப்பது வருசமா சொல்லுதேன்!”

“நீ எங்கல சொன்ன? நாம்லா சொன்னேன்!”

யார் முதலில் சொன்னது என்று சண்டை வலுத்தது. தீர்ப்புக்காக இருவரும் அந்த இரண்டு மெல்லிய புத்தகங்களையும் சமையல் சந்தின் வழியாகச் சுதாராணியிடம் நீட்டினார்கள். எழுதியவர்கள் வேறு, அச்சகம் வேறு, இடையில் ஐம்பது ஆண்டு; கடைசி வரி எழுத்துக்கு எழுத்து ஒன்று. அவர் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அலமாரி பெருமூச்சு விட்டது. முனைகள் ஒரு முழம் விலகின. அவர் புத்தகங்களைப் பிரித்து வைத்தார். முனைகள் நெருங்கின. சேர்த்தார், விலகின. ஒரு தடவை பார்த்து நம்புகிற ஆளில்லை என்பதால் இதை ஒன்பது தடவை செய்தார். உள்ளே இருந்த இருவருக்கும் தலை சுற்றியது.

அதற்குப் பிறகு வேலை மட்டும்தான் மிச்சம். விலகிய இடைவெளி வழியாக இருவரும் வெளியே வர, இசக்கிசெல்வியையும் சேர்த்து நால்வருமாக மாலைக்குள் புத்தகங்களை மாற்றி அடுக்கினார்கள். படுத்திருந்த மாடு எழுந்து முதுகை நீட்டுவதுபோல அலமாரி நிமிர்ந்தது. கட்டரோடு வந்த செண்பகராஜ் அதைக் கண்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். மறுநாள் அதிகாரி நூல் பிடித்துப் பார்த்தார். முடியளவும் கோணல் இல்லை. அடுக்கிய வரிசை மட்டும் விதிப்படி இல்லையே என்றார். சுதாராணி விளக்கினார். அதிகாரி அதை அப்படியே அறிக்கையில் எழுதிக்கொண்டார். அலமாரிக்கு நடுவில் இப்போது ஒரே ஒரு பெஞ்சு. மச்சினனும் அத்தானும் தினமும் அதில் உட்கார்ந்து, யார் முதலில் சொன்னது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். இசக்கிசெல்விக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது.

முறை இதுதான்: ஓரங்களில் இருந்த இரண்டையும் நடுவில் ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். நடுவில் இருந்த கோழி வளர்ப்பை ஓர் ஓரத்துக்கும் தட்டச்சை மறு ஓரத்துக்கும் கொண்டுபோக வேண்டும். கோழி வளர்ப்புக்கும் தட்டச்சுக்கும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்ற ஆசை கிடையாது. அலமாரி நேராக நிற்கும்.