கதவில்லாத வங்கி

பணம் கண்ணுக்குத் தெரியாமல் போன அன்று அவளுக்கு அழுகை வரவில்லை. அது அவளுக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. கைபேசியில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றியது. அதன் கீழே, 'தொழில்நுட்பக் கோளாறு. உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று எழுதியிருந்தது. கேட்காமலே எடுத்துக்கொண்ட பொறுமைக்கு நன்றி வேறு. கட்டைவிரலால் திரையைக் கீழே இழுத்து விட்டாள். சக்கரம் இன்னொரு முறை சுற்றியது. அதே வரி.

பல் செட் செய்யும் லேபில் அவளுக்கு வேலை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் மெழுகு வைத்து, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, மேலும் கீழும் பொருந்திக் கடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகம் தெரியாதவர்களின் வாய்கள் மேசை முழுக்கத் திறந்து கிடக்கும். அவற்றுக்கு நடுவே இன்று கைபேசியையும் வைத்திருந்தாள். எப்போதும் சத்தத்தை அடக்கியே வைத்திருப்பவள், கணக்கு திரும்பினால் செய்தி வரும் என்று சத்தத்தைத் திறந்துவிட்டிருந்தாள்.

பக்கத்து மேசைக்காரியை லேபில் எல்லோரும் வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வெயில் அடித்தாலும் வாதாடுவாள். அவள் கொழுந்தனின் சம்பளமும் அதே வங்கியில் மாட்டிக்கொண்டதாம்.

"பேங்க்குன்னா ஒரு கதவு வேணும்டி. கதவு இருந்தாத்தானே போய் உதைக்கலாம்? இவனுங்களுக்குக் கதவும் இல்ல, ஆளும் இல்ல. காத்தையா உதைக்கிறது?"

லேபே சிரித்தது. அவளும் சிரித்தாள். உன்னுடையது ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று வக்கீலம்மா கேட்டபோது, போடுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கதவு இல்லை என்பதற்காகவேதான் கைபேசிக்குள் மட்டும் இருக்கும் அந்த வங்கியை அவள் பிடித்தாள். பாஸ்புக் கிடையாது. வீட்டுக்குத் தபால் வராது. கவுண்டரில் யாரும் நிமிர்ந்து பார்த்து, வீட்டுக்காரர் சௌக்கியமா என்று விசாரிக்க மாட்டார்கள். கூடுதல் நேர வேலைக்குக் கிடைத்ததையெல்லாம் அதில் போட்டு வந்தாள். மகள் விடுதிக்குப் போன பிறகு, அந்தப் பணத்தில் தனக்கென்று ஓர் அறை பிடிப்பது என்று முடிவு செய்திருந்தாள். கணவர் அடித்ததில்லை, குடித்ததில்லை. நாலு பெரியவர்கள் முன்னால் வைத்தால் நிற்கக்கூடிய காரணம் அவளிடம் ஒன்றுமில்லை. அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டு நடந்தார்கள், நடுக்கூடத்தில் போட்ட பீரோவைச் சுற்றிக்கொண்டு நடப்பதுபோல. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்பதே அவளுக்குப் போதுமான காரணமாக இருந்தது.

அவள் பார்த்து வைத்திருந்த அறையின் சொந்தக்காரி ஓர் ஓய்வுபெற்ற நர்ஸ். மதியம் இவளே அந்த அம்மாளுக்கு ஃபோன் செய்து, பணம் மாட்டிக்கொண்ட விஷயத்தைச் சொன்னாள். பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்னொருவர் கையில் காசோடு நிற்கிறார், இன்று இரவு ஏழு மணி வரை பார்ப்பேன், அதற்குள் அட்வான்ஸ் வராவிட்டால் அவருக்குத்தான் என்றாள் அந்த அம்மாள். சரி என்றாள் இவள். யாரிடமாவது கைமாற்று கேட்கலாம். கேட்டால் எதற்கு என்பார்கள். பணமே இல்லாதவளாக இத்தனை நாள் இருந்துவிட்டு, இருந்த பணம் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? பல் பிடுங்க ஊசி போட்ட வாய்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. தொட்டால் தொடுவது தெரிகிறது, வலி மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது ஆறு தாண்டியிருந்தது. கணவர் முன்னமே வந்திருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கியவர்களுக்குத் தைரியம் சொல்லிச் சொல்லியே அவர் குரலில் ஒரு நிதானம் படிந்துவிட்டது. டிவியில் அந்த வங்கியின் கோளாறைப் பற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால், கண்ணால் பார்க்காத பெட்டியில் காசைப் போட்டவனுக்கு இது வேண்டும் என்று ஒரு பிரசங்கமே வைத்திருப்பார்.

"மெஷின்னா நிக்கத்தான் செய்யும்," என்றார் யாருக்கோ சமாதானம் சொல்வதுபோல. "கயிறு அறாது."

அவள் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அப்போதுதான் பார்த்தாள். மடியில் கிடந்த செய்தித்தாளுக்கு அடியில் அவருடைய கட்டைவிரல் அசைந்தது. கீழே இழுத்தது, விட்டது. கொஞ்சம் பொறுத்தது. மறுபடி இழுத்தது.

காலையிலிருந்து அவளுடைய விரல் செய்துகொண்டிருந்த அதே வேலை.

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். டீயில் ஆடை படிந்தது. ஏழுக்குக் கொஞ்சம் முன்னால், அவள் கைப்பையிலிருந்து தண்ணீரில் காசு விழுந்தாற்போல ஒரு சத்தம் வந்தது. அதே நொடியில் செய்தித்தாளுக்கு அடியிலிருந்தும் வந்தது.

இருவரும் நிமிர்ந்தார்கள். டிவியில் யாரோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துடுச்சா?" என்றார் அவர்.

"வந்துடுச்சு. உங்களுக்கு?"

"ம்."

எவ்வளவு என்று அவரும் கேட்கவில்லை, எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. கோபம் வருமா என்று அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். வரவில்லை. இந்த வீட்டை விட்டு ரகசியமாகப் போய்க்கொண்டிருப்பது தான் மட்டும்தான் என்று இத்தனை நாள் ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது. அதையும் இந்த மனிதர் பங்கு போட்டுக்கொண்டார். லேசாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கையில் பிடித்திருந்த ஒன்றை யாரோ வாங்கி வைத்துக்கொண்டதுபோல இருந்தது.

கைபேசியை எடுத்தாள். முதல் முறையாகத் திரையை மறைக்காமல், அவர் பார்க்கவே நர்ஸம்மாவுக்கு அட்வான்ஸை அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று பச்சை விழுந்தது.

"யாருக்கு?"

"ஒரு ரூமுக்கு. எனக்குத்தான்."

அவர் டீயை எடுத்தார். ஆடையை விரலால் ஒதுக்கி ஒரு வாய் குடித்தார். ஆறிப்போயிருக்கும்.

"எத்தனாவது மாடி?"

"மூணாவது."

"லிஃப்ட் இருக்கா?"

"இல்ல. படிதான்."

"நல்லது," என்றார். "படி நடுவுல நிக்காது."

அவள் காலி டம்ளருக்காகக் காத்திருந்தாள்.