தனிக் கல்

மைதா மாவை அடித்து விரிக்கும் சத்தம், ஈரத்துணியைத் துவைகல்லில் அடிப்பது போலவே இருக்கும். கழக்கூட்டத்தைத் தாண்டி உள்ளே திரும்பினால் வருகிற அந்தக் கேளிக்கைப் பூங்காவில், மழை பிடித்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை, காலையிலிருந்து கேட்ட மனிதச் சத்தம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் இயந்திரச் சத்தம். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ராட்டினம் சுற்ற வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. காலி இருக்கைகளோடு அது பாட்டுப் போட்டுக்கொண்டு சுற்றியது. பேய்க் குகையின் வாசலில் இருந்த ஒலிபெருக்கி இருபது விநாடிக்கு ஒருமுறை பெண் குரலில் சிரித்தது.

அந்தச் சிரிப்பு செல்வமணியின் காதில் விழுவது நின்று பல மாதம் ஆகிவிட்டது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அவன் திருவனந்தபுரம் வந்து இருபத்திரண்டு வருடம். முதல் பதினெட்டு வருடம் தம்பானூரில் ஒரு ஹோட்டல். பிறகு இந்தப் பூங்காவின் கேண்டீனில் பரோட்டா மாஸ்டர். பரோட்டா போடப் பழகுவதற்கு முன்பே தம்பானூரில் அவன் பழகிக்கொண்டது ஒன்று உண்டு. சாப்பிட வந்தவரிடம் இல்லை என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. எண்ணெய் புதுசா? புதுசு. மீன் இன்றைக்கு வந்ததா? இப்போதுதான் இறங்கியது. சைவத்துக்குத் தனிப் பாத்திரம்தானே? ஆமாம் சார், தனி. யாரும் செத்துப்போய்விடவில்லை. கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதான். அது உண்மையா என்று யார் வந்து அடுப்படியில் பார்க்கப்போகிறார்கள்?

பன்னிரண்டரை மணிக்கு ஒரு குடும்பம் நனைந்துகொண்டே கேண்டீனுக்குள் வந்தது. மார்த்தாண்டத்துக்காரர்கள். பள்ளி விடுமுறைக்கு மூன்று நாள் சுற்றுலா. முந்தின நாள் கல்லாறு, இன்றைக்குப் பூங்கா. அப்பா யோசுவா, அம்மா அனுஷா, எட்டு வயசு மகள் ரெனி. பிள்ளைக்கு வயசுக்கு ஏற்ற உடம்பில்லை. மணிக்கட்டு பென்சில் கனம்தான் இருந்தது.

அனுஷா நேராகக் கல்லாப்பெட்டிக்கு வந்தாள். கையில் ஒரு டாக்டர் கடிதம், பிளாஸ்டிக் உறைக்குள்.

"இவளுக்குக் கோதும ஆகாது அண்ணே. மைதா, ரவை, சேமியா எதுவும் ஆகாது. துளி உள்ள போனாலும் குடலு புண்ணாயிரும். தங்குன ரூம்ல நானே சோறு பொங்கிக் கெட்டித்தான் கொண்டாந்தேன். வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டோம்னு கேட்டில வாங்கி வச்சிட்டாங்க."

கேண்டீன் மேற்பார்வையாளன் பிஜு கடிதத்தைப் பார்க்கக்கூட இல்லை. பயப்பட ஒன்றுமில்லை, தோசை போதாதா என்று மலையாளத்தில் கேட்டான். "ஒண்ணும் பேடிக்கண்டா சேச்சி. இவிடே எல்லாம் கிட்டும். தோசை போராதா? அரிசியல்லே."

"அரிசிதான். ஆனா கல்லு? புரோட்டா போடுற கல்லில சுடக்கூடாது. சாம்பாரும் வேண்டாம், பெருங்காயத்தில மைதா கலந்திருப்பாங்க. தேங்காச் சட்னி மட்டும் போதும்."

"நீ பின்னயும் தொடங்கிட்டியா?" யோசுவா சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "போற இடமெல்லாம் கோர்ட்டு விசாரணை மாதிரி."

"வயித்து வலியில உருளுறப்ப நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க. நானாக்கும் கூட இருக்கேன்."

உள்ளே செல்வமணி இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டான். பெருங்காயத்தில் மைதாவாம்! பணம் இருக்கிற வீட்டில் நோய்க்கும் பேர் வைத்து வளர்ப்பார்கள். அவன் ஊரில் எந்தப் பிள்ளைக்கு மைதா ஆகாமல் போயிருக்கிறது?

கேண்டீனில் இரண்டாவது கல் ஒன்று இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, இருக்கத்தான் செய்தது. மைதா மூட்டைகளுக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து கிடந்தது. மூட்டையை நகர்த்தி, கழுவி, ஏற்றி, சூடாக்க முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு பிள்ளையின் இரண்டு தோசைக்காகவா?

அவன் பரோட்டாக்களைக் கல்லின் ஓரத்துக்கு ஒதுக்கினான். நடுவில் தண்ணீர் தெளித்து, கட்டைத் துடைப்பத்தால் ஒரு இழுப்பு. சுத்தம்.

நிமிர்ந்தபோது ஜன்னல் கம்பிக்கு வெளியே ரெனி நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கண் சிமிட்டாமல் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை வெள்ளை.

"இந்தக் கல்லிலயா மாமா எனக்குச் சுடப்போறீங்க?"

"இல்ல பாப்பா. ஒனக்குத் தனிக் கல்லு. பொறத்தால இருக்கு."

"எங்க மிஸ் ஒருக்கா கேக்கில கோதும இல்லன்னு சொன்னாங்க. பின்ன இருந்திச்சு." அவள் யோசித்தாள். "நெசமாவா மாமா?"

"நெசமாத்தான்டா. மாமா பொய் சொல்லுவனா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பெரிய மனுஷி ஒரு பத்திரத்தைப் படித்துப் பார்ப்பது போல மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டுப் போனாள்.

இரண்டு தோசை. பசியில் மளமளவென்று சாப்பிட்டாள். "பாத்தியா, ஒண்ணும் ஆகல்ல" என்று யோசுவா மனைவியைக் கிண்டல் செய்தது அடுப்படி வரை கேட்டது. அதோடு செல்வமணி அந்தப் பிள்ளையை மறந்துபோனான்.

இரண்டரை மணிக்குப் பிஜு வந்து தலையைச் சொறிந்தான். "செல்வண்ணா, குகையில ஆளில்ல. பேய் வேஷம் கெட்டுற பையன் இன்னும் லீவு முடிஞ்சு வந்தில்ல. ஒண்ணு கேறி நில்லு, கேட்டோ."

அது புதிதல்ல. கூட்டம் இல்லாத நாளில் செல்வமணிதான் பேய். கறுப்பு அங்கி ஒன்று ஆணியில் தொங்கும். முகத்துக்குப் பவுடர் தீர்ந்து வெகுநாள் ஆயிற்று. அவன் மைதாவையே அள்ளிப் பூசிக்கொள்வான். வியர்வையில் அது அப்பிக்கொண்டு, காய்ந்து வெடித்து, பவுடரைவிடப் பயங்கரமாக இருக்கும்.

குகையின் கடைசித் திருப்பத்தில் ஒரு சிவப்பு பல்பு. பக்கத்தில் கறுப்புத் திரை. அதற்குப் பின்னால் நின்றுகொண்டு, ஆள் வந்தால் கையை மெதுவாக வெளியே நீட்ட வேண்டும். இவ்வளவுதான் வேலை. உள்ளே ஈரச்சுவரின் நாற்றம். எங்கோ தண்ணீர் சொட்டியது. தலைக்கு மேலே இன்னொரு ஒலிபெருக்கியில் அந்தச் சிரிப்பு. இருட்டில் நின்று கேட்கும்போது அது யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பது போல இருந்தது.

தூரத்தில் யோசுவாவின் குரல். "பேய் வந்தா அம்மையப் பிடிச்சுக் குடுத்திட்டு நாம ரெண்டு பேரும் ஓடிரணும், சரியா மக்களே?"

பிள்ளையின் பதில் கேட்கவில்லை. காலடி மட்டும் கேட்டது. சின்னக் காலடி, சுவரைப் பிடித்துப் பிடித்து வருவது போல. இரண்டு அடி. நின்றது. இன்னும் ஓர் அடி.

செல்வமணி கையை நீட்டினான். திரையை விலக்கிக்கொண்டு முகத்தையும் நீட்டினான்.

ரெனி கத்தவில்லை.

சிவப்பு வெளிச்சத்திலும் அவள் உதடு வெளுத்திருந்தது தெரிந்தது. ஒரு கை வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. இந்தக் குகைக்குள் வந்த எத்தனையோ பேரை அவன் பார்த்திருக்கிறான். ஓடுவார்கள், சிரிப்பார்கள், கெட்ட வார்த்தை சொல்வார்கள். இப்படி ஒருவரும் நின்று அவன் முகத்தைப் படித்ததில்லை. அவள் மூச்சை உள்ளே இழுத்து முகர்ந்து பார்த்தாள்.

"தோசை மாமா" என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், "தனிக் கல்லுன்னு சொன்னீங்களே."

இருபத்திரண்டு வருடமாகத் தயாராக இருந்த பதிலைச் சொல்ல அவன் வாயைத் திறந்தான். அவள் குனிந்தாள். வாந்தி அவன் பாதத்தில் சூடாக விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று முறை. பிறகு கால் மடங்கி அப்படியே தரையில் சரிந்தாள்.

மேலே ஒலிபெருக்கி சிரித்தது.

செல்வமணி மண்டியிட்டான். பிள்ளையின் வாயைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனான். அதற்குள் அனுஷா வந்துவிட்டாள்.

"தொடாதீங்க! அந்தக் கையால எம்பிள்ளையத் தொடாதீங்க!"

அவன் கையைப் பார்த்தான். விரல் இடுக்கெல்லாம், நகக்கண்ணெல்லாம் மைதா. பிள்ளையின் உதட்டுக்கும் அந்த விரலுக்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை.

"லைட்டப் போடுங்கலே!" அவன் அலறினான். "கதவத் தெறங்க! பிள்ளைக்கு முடியல! லைட்டப் போடுங்க!"

வெளியே சுவிட்ச் பக்கத்தில் நின்ற பூங்கா வேலையாட்கள் சிரித்தார்கள். குகைக்குள் யார் கத்தினாலும் வெளியே சிரிப்பதுதான் வழக்கம். யோசுவாவும் சேர்ந்து கத்தினான். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். செல்வண்ணன் இன்றைக்கு நன்றாகச் செய்கிறான் என்று யாரோ சொன்னது இருட்டுக்குள் தெளிவாகக் கேட்டது. அந்த அம்மா கல்லாப்பெட்டியில் நின்று சொன்னபோது தான் சிரித்த சிரிப்பும் இதுதான் என்று செல்வமணிக்கு அப்போது உறைத்தது.

கடைசியில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு யோசுவா இருட்டில் முட்டி மோதி வெளியே ஓடினான்.

பிள்ளையை ஏற்றிக்கொண்டு கார் போன பிறகு செல்வமணி குழாயடியில் முகம் கழுவினான். தண்ணீர் பட்டதும் மைதா பசையாகிவிட்டது. தேய்க்கத் தேய்க்க முகம் தன்னுடையதாக இல்லை. அடுப்படிக்கு வந்தான். பெருங்காய டப்பாவை எடுத்து முதல்முறையாகப் பின்பக்கம் படித்தான். சின்ன எழுத்தில் இருந்தது, மைதா என்று. பிறகு கல்லைச் சுரண்ட ஆரம்பித்தான். மேலே எண்ணெய்ப் பிசுக்கு. அதன் கீழே கருகிய மாவு. அதன் கீழே இன்னும் ஓர் அடுக்கு மாவு. சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சுத்தம் என்று நினைத்தது இதைத்தான்.

பிஜு வாசலில் நின்று பார்த்தான். "அண்ணா, அந்தப் பிள்ளைக்கு நேத்தே வயிறு சரியில்லாம இருந்திருக்கும். ஆராவது கேட்டா நீ ஒண்ணும் பறயண்டா, வாயே தொறக்காத."

செல்வமணி கையைக் கழுவினான். கேட்டுக்குப் போய், காவலாளி வாங்கி வைத்திருந்த தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளையை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று அவனிடமே கேட்டு, அங்கே ஆட்டோ பிடித்தான்.

ரெனி கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் குடல் ஆற வாரக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யோசுவா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். குகையை விட்டு வந்த பிறகு அவன் ஒரு கிண்டலும் செய்யவில்லை.

"தனிக் கல்லில சுடல தங்கச்சி" என்றான் செல்வமணி. "அதே புரோட்டாக் கல்லுதான். நான்தான் பொய் சொன்னேன்."

அனுஷா பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"முடியாதுன்னு ஒரு வாக்கு சொல்லியிருந்தா, வெளிய போய் ரெண்டு பழம் வாங்கிக் குடுத்திருப்பேன். நீங்க ஆமான்னுல்லா சொன்னீங்க. அவ ஒங்க கிட்ட வந்து தனியாவும் கேட்டாளாமே?"

"கேட்டா."

"இனி அவ யார்கிட்ட கேப்பா?"

ரெனி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். செல்வமணியைப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மன்னிப்பு என்று எதுவும் அந்த அறையில் நடக்கவில்லை. அவன் வெளியே வந்தான்.

அன்றிலிருந்து அவனுக்கு அந்தச் சிரிப்பு திரும்பவும் கேட்கத் தொடங்கியது. மாவு அடிக்கும்போது, கல் துடைக்கும்போது, இருபது விநாடிக்கு ஒருமுறை. பேய் வேஷத்துக்கு அவன் அதன்பின் போகவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல கூட்டம். ஒருவர் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லாப்பெட்டியில் கேட்டார்: "இவனுக்கு நிலக்கடலை ஆகாது. சட்னியில், எண்ணெயில் ஏதாவது இருக்குமா?"

"ஏய், ஒண்ணும் இல்ல சார், தைரியமா—" என்று பிஜு தொடங்கினான்.

"இருக்கு சார்." செல்வமணி அடுப்படியிலிருந்து வெளியே வந்தான். மாவுக் கைகளை யார்மேலும் படாமல் உயர்த்திப் பிடித்திருந்தான். "சட்னியில கடலை இருக்கு. அதே கரண்டி எல்லாத்திலயும் போகும். இங்க ஒங்க பிள்ளைக்குக் குடுக்க எதுவும் இல்ல. கேட்டுல ஒங்க சாப்பாட்டை வாங்கி வச்சிருந்தா சொல்லுங்க, நானே போய் எடுத்துட்டு வாறேன்."

அந்த மனிதர் மகனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "கேட்ட இடத்தில் எல்லாம் கடலை இல்லை, இல்லை என்றுதான் சொன்னார்கள். இருக்கு என்று சொன்னது நீங்கள் ஒருவர்தான்" என்றார்.

அவர்கள் நகர்ந்ததும் பிஜு பல்லைக் கடித்தான். "இப்படிப் பறஞ்சா ஆரு அண்ணா வருவா? கச்சவடத்தை நிறுத்திக் கடையைப் பூட்டிட்டுப் போகலாம்."

வெளியே, குகை வாசலில், ஒலிபெருக்கி சிரித்தது. அது அடங்கும் வரை செல்வமணி காத்திருந்தான்.

"பூட்டுனா பூட்டட்டும் தம்பி. ஒருத்தர் வந்து இதுல என்ன இருக்குன்னு கேட்டா, அவரு புள்ள உசுரை நம்ம கையில குடுத்துட்டுக் கேக்காருன்னு அர்த்தம். தெரிஞ்சா தெரிஞ்சதைச் சொல்லு. தெரியலைன்னா தெரியாதுன்னு சொல்லு. இல்லைன்னு சொன்னா, கேட்டவன் ஒரு நேரம் பசியோட போவான், அவ்வளவுதான். பொய்யா ஒரு ஆமா சொன்னோம்னா, அது சோத்துல விஷம் வச்ச மாதிரிலே."